செக்கோஸ்லோவாக்கிய எதிர்ப்பாளர்களின் வரலாறு: ஒரு மாணவர் குழு இணையத் தொகுப்பை எப்படித் தொடங்குவது?

நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து, கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால செக்கோஸ்லோவாக்கியாவில் எதிர்த்துப் பேசியவர்களைப் பற்றி ஓர் இணையத் தொகுப்பு செய்யப் போகிறீர்கள் என்று வையுங்கள். யாருக்கும் செக் தெரியாது, ஸ்லோவாக்கும் தெரியாது. ஒரு பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். நானும் அப்படி ஒரு குழுவில் இருந்தவன்தான். முதல் மூன்று வாரத்தை, முகப்பில் எந்தப் படம் போடுவது, பின்னணிக்கு என்ன நிறம் என்று பேசியே தொலைத்தோம். அந்த மூன்று வாரம் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதல் வேலை: கேள்வியைச் சுருக்குங்கள்

"1968 முதல் 1989 வரை" என்று தலைப்பு வைக்காதீர்கள். அந்த இருபது ஆண்டுக் கதை ஏற்கெனவே நூறு இடங்களில் இருக்கிறது. உங்களுக்குப் பின்னணி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு நாள் போதும். 1968 ஜனவரியில் அலெக்சாந்தர் துப்செக் கட்சித் தலைமைக்கு வருகிறார், கெடுபிடி தளர்கிறது. ஆகஸ்ட் 20 இரவு, சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைகின்றன. 1969 ஜனவரி 16 அன்று யான் பாலாஹ் என்ற மாணவர் பிராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளிக்கிறார். ஏப்ரலில் துப்செக்கின் இடத்துக்கு குஸ்தாவ் ஹுசாக் வருகிறார். அடுத்து வந்த காலத்துக்கு ஆட்சியாளர்கள் வைத்த பெயர் 'இயல்பாக்கம்'. 1976இல் ஒரு ராக் இசைக்குழுவைச் சுற்றியிருந்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள். அதில் கொதித்தவர்கள் 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கையை வெளியிடுகிறார்கள். 1989 நவம்பரில் ஆட்சி சரிகிறது. 1993 ஜனவரி 1 முதல் நாடு இரண்டாகிறது.

இப்போது இதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுங்கள். சாசனத்தின் தாள்கள் எந்த வழியாக வெளிநாடு போயின? ஒரு தட்டச்சுப் பிரதி யார் யார் கைக்குப் போனது? அல்லது எங்கள் குழு எடுத்துக்கொண்டது போல ஓர் அரைமணி நேரம்: 1988 மார்ச் 25, வெள்ளிக்கிழமை, மாலை 6 மணி முதல் 6.30 வரை, ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவின் ஹ்வியெஸ்தோஸ்லாவ் சதுக்கம். கையில் மெழுகுவத்தியோடு மக்கள் மழையில் நின்றார்கள். காலியாகக் கிடந்த மறைமாவட்டங்களுக்கு ஆயர்களை நியமிக்க வேண்டும், மதச் சுதந்திரம் வேண்டும், குடியுரிமைகளை மதிக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். போலீஸ் கார்களை ஓட்டிக் கூட்டத்துக்குள் வந்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. எத்தனை பேர் இருந்தார்கள் என்பது மூலத்துக்கு மூலம் மாறும், சில ஆயிரம் என்பது மட்டும் உறுதி. அரைமணி நேரம்தானே என்று நினைத்தோம். ஐந்து பேருக்கு அதுவே அதிகம்.

அந்த அரைமணியைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பிராகிலேயே நின்றுவிடுவார்கள். நாடக ஆசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல், சாசனம் 77, மற்ற நாடகக்காரர்கள், தத்துவப் பேராசிரியர்கள். அதோடு கதை முடிந்துவிடும். சாசனத்தில் 1989 வரை கையெழுத்திட்டவர்கள் ஏறக்குறைய 1,900 பேர், அவர்களில் ஸ்லோவாக்கியாவில் வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. எழுத்தாளர் தொமினிக் ததார்கா, மிரோஸ்லாவ் குசி, செக் இனத்தவராக இருந்தும் பிராட்டிஸ்லாவாவில் வாழ்ந்த மிலான் ஷிமெச்கா போன்றவர்கள். இதை மட்டும் பார்த்தால் ஸ்லோவாக்கியா வாய்மூடிக் கிடந்ததாகத் தோன்றும். ஆனால் செக் பக்கத்து மொராவியாவின் விவசாயி அவ்குஸ்தின் நவ்ராதில் 1987 கடைசியில் தொடங்கிய மத உரிமை மனுவைப் பாருங்கள். முப்பத்தொரு கோரிக்கைகள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள், அதில் ஸ்லோவாக்கியாவின் பங்கு மிகப் பெரியது. அங்கே எதிர்ப்பு பெரும்பாலும் ரகசியத் திருச்சபை வழியாக ஓடியது. 1951இல் ரகசியமாக ஆயராக்கப்பட்ட யான் க்ரிசோஸ்தொம் கொரெட்ஸ் சிறை, ஆலைவேலை, லிஃப்ட் பழுதுபார்ப்பு என்று பல ஆண்டுகளைக் கழித்தவர். இன்னொரு பக்கம், 'பிராட்டிஸ்லாவா உரக்க' என்ற பெயரில் 1987இல் நகரத்தின் காற்று, நீர், கட்டடங்களின் நிலையை எழுதி வெளியிட்ட இயற்கை ஆர்வலர்கள். அளவுகோலை மாற்றிப் பிடித்தால் ஆட்களும் மாறுகிறார்கள்.

ஒரே அட்டவணை, அதில் ஒரு கட்டாயக் கட்டம்

இணையதளத்தை மறந்துவிடுங்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து நிரப்பக்கூடிய ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்கள். ஓர் ஆவணத்துக்கு ஒரு வரிசை. வழக்கமான கட்டங்களை டப்ளின் கோர் என்ற பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தலைப்பு, உருவாக்கியவர், தேதி, மொழி, உரிமை என்று பதினைந்து தலைப்புகள் அதில் உண்டு. அதோடு நீங்களாகச் சேர்க்க வேண்டியது ஒன்று: 'இது நம்மிடம் எப்படி வந்தது?' இந்தக் கட்டத்தை நிரப்பாத வரிசையைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். இந்த வரலாற்றில் ஓர் ஆவணத்தின் பயணமே பாதி வரலாறு. சமிஸ்தாத் என்பது தணிக்கைக்குத் தெரியாமல் தாங்களே பெருக்கிய எழுத்து. நம்மூர்க் கையெழுத்து இதழை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அகப்பட்டால் சிறை. மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து, தட்டச்சுப் பொறியின் விசைகளை ஓங்கி அடிப்பார்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதி கிடைத்தால் பெரிது. கடைசிப் பிரதியில் எழுத்து நிழல் போலத்தான் தெரியும். உங்கள் கையில் இருக்கும் ஸ்கேன் மேல் பிரதியா, அடிப் பிரதியா, அதைப் பார்த்து இன்னொருவர் மறுபடி அடித்ததா என்பது முக்கியம். மறுபடி அடித்ததில் வரிகள் விடுபட்டிருக்கலாம்.

இங்கே ஒரு கண்ணிவெடி. லுத்விக் வாட்ஸுலிக் நடத்திய 'பெத்லிட்சே' (பூட்டு என்று பொருள்) வரிசைப் பிரதிகளில், இந்தக் கையெழுத்துப்படியை மேற்கொண்டு நகலெடுப்பது தடை என்று ஒரு வரி இருக்கும். எங்கள் குழுவில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, உரிமைக் கட்டத்தில் 'ஆசிரியர் தடை விதித்திருக்கிறார்' என்று எழுதிவைத்தார். விஷயம் வேறு. இது புத்தக வெளியீடு அல்ல, ஆசிரியர் நண்பர்களிடம் கொடுத்த வெறும் கையெழுத்துப்படி என்று போலீசிடம் சொல்லிக்கொள்ள வைத்த கேடயம் அது. தாளில் எழுதியிருப்பது ஒன்று, எழுதியவர் மனதில் இருந்தது ஒன்று. இப்படிப்பட்ட இடங்களுக்குக் 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம் வேண்டும்.

உருவாக்கியவர் என்ற கட்டத்திலும் கவனம் தேவை. பெத்லிட்சே நூல்களில் பலவற்றைத் தட்டச்சு செய்தவர் ஸ்தெனா எர்தெல்தோவா. ஆசிரியர் பெயரை மட்டும் ஏற்றினால் இப்படிப்பட்ட பெண்கள் தொகுப்பிலிருந்து மறைந்துபோவார்கள். 'தட்டச்சு செய்தவர்', 'கொண்டுசென்றவர்', 'பாதுகாத்தவர்' என்று தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், வெற்றாக விடாதீர்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு, நீங்கள் தேடிக் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்று தெரியாது.

மொழி தெரியாதவர்கள் விழும் குழிகள்

இதை நீட்டியே சொல்கிறேன், எங்கள் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான்.

செக்கில் மாதப் பெயர்கள் நாம் அறிந்த ஜனவரி, பிப்ரவரி இல்லை. ஜூன் மாதம் 'செர்வென்', ஜூலை மாதம் 'செர்வெனெட்ஸ்'. வேகமாக ஏற்றும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். நவம்பர் 'லிஸ்தோபாத்', இலை உதிரும் மாதம். ஸ்லோவாக்கில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே யூன், யூல், நொவெம்பெர். அதனால் தேதிக் கட்டத்தில் ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணாக மட்டும் எழுதுங்கள். மூலத்தில் உள்ளபடி இன்னொரு கட்டத்தில் படியெடுத்து வையுங்கள்.

அகரவரிசையும் ஏமாற்றும். 'சி', 'எச்' சேர்த்து (ch) எழுதும் ஒலியை செக்கிலும் ஸ்லோவாக்கிலும் தனி எழுத்தாகக் கொண்டு, 'எச்'சுக்குப் பின் வைப்பார்கள். சாசனத்தை அவர்கள் 'ஹார்த்தா' என்பார்கள். நூலின் சொல்லடைவில் ஆங்கிலப் பழக்கத்தில் 'சி'யின் கீழ் தேடி, காணோம் என்று விட்டுவிடாதீர்கள். 'எச்' முடிந்ததும் இருக்கும்.

வேற்றுமை உருபு நமக்குப் புதிதில்லை. மரம் மரத்தை ஆவது போல, ஹாவெல் என்ற பெயர் 'ஹாவெலுடைய' என்னும் இடத்தில் 'ஹாவ்லா' ஆகும், நடுவே ஓர் உயிர் எழுத்தே காணாமல் போய்விடும். தத்துவவாதி யான் பாதோச்கா 'பாதோச்கி' ஆவார். தேடுபெட்டியில் எழுவாய் வடிவத்தை மட்டும் போட்டால் பாதிப் பக்கங்கள் தட்டுப்படாது. ஒவ்வொருவர் பெயருக்கும் மூன்று நான்கு வடிவங்களைத் தனித் தாளில் குறித்துவைத்து, எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று ஆளுக்கொரு வழக்கம் வேண்டாம். ஆங்கிலத்தில் 'ஜே' என்று தெரிவது அங்கே ய ஒலி: ஜான் அல்ல, யான். ஜிரி அல்ல, யிர்ஷி. பெண்களின் குடும்பப் பெயர் பெரும்பாலும் 'ஓவா' என்று முடியும், அதனால் கணவனும் மனைவியும் பட்டியலில் வேறு வேறு குடும்பம் போலத் தெரிவார்கள். ஒருவரைப் 'பெயர்க் காவலர்' ஆக்குங்கள். மூல எழுத்தில், மேலே போடும் சிறு கொக்கிகளும் கோடுகளும் தவறாமல், ஒரு கட்டம். தமிழில் ஒரு கட்டம். மாற்றுவது என்றால் அவர் மட்டுமே மாற்றலாம்.

ஊர்ப்பெயர்கள் மாறியிருக்கின்றன. எங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் போய் விழுந்தது. தேடிப் பார்த்தால் ஆவணத்தில் இருந்த ஊர் 'கொத்வால்தொவ்'. 1949 முதல் 1990 வரை ஸ்லின் நகரத்தின் பெயர் அது. இன்றைய வரைபடச் சேவைக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை, பூஜ்யம் பூஜ்யம் என்று ஆயத்தொலைவைக் கொடுத்துவிட்டது. பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டுக்கும் கட்டம் போட்டு, ஆயத்தொலைவைக் கையால் சரிபாருங்கள்.

எழுத்துணரி மென்பொருள் உதவும், ஆனால் அதை நம்பிவிடாதீர்கள். டெசராக்ட் என்ற மென்பொருளில் செக்குக்கும் ஸ்லோவாக்குக்கும் தனித்தனிப் பொதி உண்டு, சரியானதைத் தேர்ந்தெடுங்கள். மங்கிய கார்பன் பிரதியில் அது கண்டபடி உளறும். அப்படிப்பட்ட பக்கங்களை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து ஒப்பிடுவதுதான் வழி. இயந்திர மொழிபெயர்ப்பை உள்ளடக்கம் புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோளாக எடுத்துப் போடுவதற்கு முன் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டியாக வேண்டும்.

எங்கே தேடுவது

பிராகில் 'லிப்ரி ப்ரொஹிபிதி' என்ற நூலகம் இருக்கிறது. சமிஸ்தாத் வேலைக்காகச் சிறை சென்ற யிர்ஷி க்ருந்தோராத் 1990இல் நிறுவியது. சமிஸ்தாத், புலம்பெயர்ந்தோர் இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கும் 'ஸ்க்ரிப்தும்' தளம் வீட்டிலிருந்தே தொடங்க ஏற்றது. போஸ்ட் பெல்லும் அமைப்பின் 'தேச நினைவு' தொகுப்பில் சாட்சிகளின் குரலையே கேட்கலாம். புடாபெஸ்ட்டில் உள்ள திறந்த சமூக ஆவணக்காப்பகத்தில், மியூனிக்கிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ ஃப்ரீ யூரோப் வானொலியின் ஆய்வுப் பிரிவுக் கோப்புகள் இருக்கின்றன. ரகசியப் போலீஸ் கோப்புகள் செக் பக்கத்தில் பாதுகாப்புப் படைகள் ஆவணக்காப்பகத்திலும், ஸ்லோவாக் பக்கத்தில் பிராட்டிஸ்லாவாவின் தேச நினைவு நிறுவனத்திலும் உள்ளன. அநியாயமாக வழக்குத் தொடுக்கப்பட்டவர்களுக்காக 1978 ஏப்ரலில் தொடங்கிய வோன்ஸ் குழுவின் அறிக்கைகளைத் தவறவிடாதீர்கள். யார், எந்த ஊர், எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை மாதம் என்று வரண்ட நடையில் இருக்கும். அட்டவணை போடுகிறவனுக்கு அந்த வறட்சிதான் வேண்டும். அந்தக் குழுவையும் விடவில்லை: 1979 அக்டோபரில் பெத்ர் ஊலுக்கு ஐந்தாண்டு, ஹாவெலுக்கு நாலரை ஆண்டு.

இருக்கிற ஆவணம் எங்கே இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். பல தாள்கள் நாட்டைவிட்டு வெளியேறி, மியூனிக் வானொலி, லண்டன், பாரிஸ், ரோம், டொரன்டோ என்று சுற்றித் திரும்பியவை. மேற்கே கேட்டவர்களுக்குப் பிடித்ததுதான் அதிகம் வெளியேறியிருக்கும்; ஓர் ஊர்ச் சிற்றாலயத்தில் சுற்றிய பிரார்த்தனைத் தாள் அவ்வளவு எளிதில் வெளியேறியிருக்காது.

ரகசியப் போலீஸ் கோப்பைத் தொடும் முன்

எஸ்டிபி என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட ரகசியப் போலீசின் கோப்பு கையில் கிடைத்தால் மாணவர்களுக்குத் தலைகால் புரியாது. கண்காணிப்புப் படம், தேதி, நிமிடம், காப்பி குடித்த கடை என்று எல்லாம் இருக்கும். ஆனால் அதை எழுதியவர் தன் மேலதிகாரியைத் திருப்திப்படுத்த எழுதியவர். வேலை நடக்கிறது என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு. போதாததற்கு, 1989 டிசம்பரில் ஏராளமான கோப்புகளை அழித்துவிட்டார்கள். மிஞ்சியதுதான் நம் கையில் இருக்கிறது.

யாரையும் 'உளவாளி' என்று உங்கள் தளத்தில் எழுதாதீர்கள். பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பது ஆதாரமாகாது. ஒத்துழைக்க வைக்கலாம் என்று போலீஸ் கண் வைத்தவர்களையும் 'வேட்பாளர்' என்ற வகையில் பதிந்திருக்கிறார்கள். தன் பெயர் அங்கே இருந்ததே தெரியாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. எங்கள் விதி எளிமையானது: பொதுவாழ்வில் அறியப்பட்டவர் தவிர மற்றவர் பெயரைப் போலீஸ் கோப்பை மட்டும் வைத்து வெளியிடுவதில்லை. நோய், மணவாழ்க்கை, பாலியல் பற்றிய வரிகளை அட்டவணையிலேயே ஏற்றுவதில்லை. அவை ஒருவரை மிரட்டுவதற்காகச் சேகரிக்கப்பட்டவை. நாம் அவற்றை மறுபடி அச்சேற்றினால், அந்த வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

உயிரோடு இருப்பவரைப் பேட்டி எடுக்கப் போனால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பதிவைக் கேட்டபின் சிலவற்றை நீக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் அதிலேயே சேருங்கள். அப்புறம் 'எதிர்ப்பாளர்' என்று அவரை அழைக்கலாமா என்றும் கேளுங்கள். 'டிசிடெண்ட்' என்ற சொல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் ஒட்டிய முத்திரை என்று நினைத்தவர்கள் பலர், ஹாவெலே அதை மேற்கோள் குறிக்குள்தான் எழுதினார்.

உரிமை

அரசை எதிர்த்து எழுதியதுதானே, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. யான் பாதோச்கா இறந்தது 1977 மார்ச்சில், அப்படியானால் 2047 முடியும்வரை. ஹாவெல் 2011இல் இறந்தார், 2081 வரை. புகைப்படம் எடுத்தவருக்கும் இதே கணக்கு. அனுமதிக் கடிதத்தை முதல் மாதமே அனுப்புங்கள், பதில் வர வாரக் கணக்காகும். கிடைக்காவிட்டால் படத்தைப் போடாமல், படத்தில் என்ன இருக்கிறது என்று நான்கு வரி எழுதி, வைத்திருக்கும் காப்பகத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

தளம் கட்டுவது

இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. அட்டவணை சுத்தமாக இருந்தால் தளம் ஒரு வாரத்து வேலை. தொகுப்பு, காட்சி இரண்டும் வேண்டுமானால் ஓமேகா என்ற மென்பொருள். அது டப்ளின் கோர் கட்டங்களை அப்படியே ஏற்கும். காலக்கோடு மட்டும் போதும் என்றால் கூகுள் ஷீட்டிலிருந்தே எடுத்துக் காட்டும் டைம்லைன்ஜேஎஸ். மூலக் குறிப்புகளைக் குழுவாக வைத்துக்கொள்ள ஜோட்டெரோ. இதற்கு மேல் கருவி வேண்டாம். நாங்கள் யார் யாருக்குத் தெரிந்தவர் என்று ஒரு வலைப்பின்னல் படமும் போட்டுப் பார்த்தோம். நடுவில் ஹாவெல், சுற்றிலும் நூல்கண்டு. அவரைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. எடுத்துவிட்டோம்.

வேலையை ஆளுக்கொரு அத்தியாயம் என்று பிரிக்காதீர்கள். ஒருவர் கழன்றுகொண்டால் அந்தப் பக்கம் ஓட்டையாகிவிடும். பெயர்க் காவலர், தேதி சரிபார்ப்பவர், அனுமதி கேட்பவர், தளம் கட்டுபவர், எல்லா வரிசையையும் இரண்டாவது தடவை படிப்பவர் என்று வேலைவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஏற்றியவர், சரிபார்த்தவர் இருவர் பெயரின் முதலெழுத்தும் இருக்கட்டும்.

பருவம் முடியும் வாரத்தில் மூன்று காரியம். அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, படங்களோடு சேர்த்து உங்கள் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். தளத்தின் கடவுச்சொல்லும் முகவரிக் கட்டணம் கட்டும் தேதியும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். எங்களுடையது ஒரே ஆளிடம் இருந்தது, அவர் படிப்பு முடிந்து ஊருக்குப் போனதும் தளமும் போய்விட்டது. மூன்றாவது, தொகுப்பின் முகப்பிலேயே 'எப்படி வந்தது' கட்டத்தில் 'தெரியவில்லை' என்று நிற்கும் வரிசைகளைத் தனியாகப் பட்டியல் போட்டு, அடுத்து வரும் குழு அங்கிருந்து தொடங்கலாம் என்று எழுதிவையுங்கள்.